நான் ஊதாத விசில்

யானை நிற்கும் காட்டுக்குள் ஒரு பிள்ளையைத் தனியாக அனுப்பியவன் நான். உங்கள் முன்னால் நின்று இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஆண்டவர் செய்ததை மறைக்க எனக்கு உரிமை இல்லை.

என் பெயர் சவரிமுத்து. பென்னாகரம் பக்கம் ஒரு சின்னக் கல்லூரியில் இருபது வருடமாகக் கபடி பயிற்சியாளர். மைதானத்தில் நான் பேசுவதைவிட என் விசில்தான் அதிகம் பேசும். இரண்டு தடவை சுருக்காக ஊதினால் அசையாமல் நிற்க வேண்டும். ஒரு தடவை நீளமாக ஊதினால் என்னிடம் ஓடி வர வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. நான் முன்கோபி வேறு. இத்தனை வருடத்தில் ஒரு கோப்பைகூட வாங்கியதில்லை; அந்த ஆத்திரத்தைப் பையன்கள் மேல்தான் காட்டுவேன்.

போன வருடம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் ஒரு சனிக்கிழமை. போட்டிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. விடியற்காலையில், காட்டு வழியாகப் போகும் ஒகேனக்கல் சாலையில் ஓட்டப் பயிற்சி. பத்தடிக்கு மேல் கண் தெரியாத பனி. ராகி அறுப்பு நேரத்தில் யானை இறங்கும் என்பது எங்கள் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? கோப்பை ஆசை என் கண்ணை மறைத்துவிட்டது.

முருகேசன் கால் மணி நேரம் தாமதமாக வந்தான். கண் சிவந்திருந்தது.

"ஊர் சுத்திட்டு வர்றியா? தனியா ஓடிப்போயி அடுத்த கிலோமீட்டர் கல்லைத் தொட்டுட்டு வா."

"சார், அது வந்துங்க..."

"பேசாத. ஓடு."

பனிக்குள் போனான். அரை மணியாகியும் திரும்பவில்லை. அப்போதுதான் வயல் பாதையிலிருந்து வனத்துறை வாட்சர் மாதையன் மொபெட்டை அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"சார், விசில் ஊதிடாதீங்க. வளைவுக்கு அந்தாண்ட குட்டியோட மூணு நிக்குது. சத்தம் கேட்டா மிரண்டுடும்."

"அண்ணே, பையன் ஒருத்தன் அங்க போயிருக்கான்."

அவர் மொபெட்டை ஓரமாக நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். மற்ற பையன்கள் பதினொரு பேரும் அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு பறவைகூடக் கத்தவில்லை. எங்கோ ஒரு கிளை முறிந்தது. பிறகு அதுவும் இல்லை. நிற்கச் சொல்லி ஊதினால் யானை மிரண்டு அவன்மேல் பாயும். வரச் சொல்லி ஊதினால் அவன் என்னை நோக்கி ஓடி வருவான், நடுவில் யானை. ஊதாவிட்டால் தெரியாமலே அதன் காலடிக்குப் போவான். விசிலைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு முழங்காலில் விழுந்தேன்.

"இயேசுவே, என் வாய் அடைபட்டுப் போச்சு. நீர் கூப்பிடும். என் பாவத்துக்கு அந்தப் பிள்ளையை எடுத்துக்காதீர்."

இதையே திரும்பத் திரும்ப மனதுக்குள் அழுதேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. பனிக்குள்ளிருந்து முருகேசன் ஓடி வந்தான். மூச்சு வாங்கியபடி சொன்னான்: "ரெண்டு ஊதினீங்க, நின்னுட்டேன் சார். முன்னால பெருசா ஒன்னு ரோட்டைத் தாண்டிச்சிங்க. அது மூச்சு என் மூஞ்சில பட்டுது. எல்லாம் போனப்புறம் நீளமா ஊதினீங்க, வந்துட்டேன்."

"சார் ஊதலை தம்பி. நான் பக்கத்துலயேதான நிக்கிறேன்" என்றார் மாதையன்.

கேலி என்று நினைத்து அவன் சிரித்தான். எங்கள் முகங்களைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"இல்லீங்க, கேட்டுது. என் தோளுக்குப் பின்னாலயே கேட்டுது. சார் கூடவே வந்துட்டாருன்னு நெனச்சேன்."

சாலையில் இருந்த எங்களில் ஒருவருக்கும் ஒரு சத்தமும் கேட்கவில்லை.

அதன் பிறகுதான் கேட்டேன், ஏன் தாமதம் என்று.

"ராத்திரி ராகிக் காட்டுல காவலுங்க. யானை இந்தப் பக்கம் இறங்கிடுச்சின்னு சொல்லத்தான் வந்தேன்."

"தெரிஞ்சும் ஏன்டா ஓடின?"

"நீங்கதான பேசாதன்னீங்க."

அந்த இடத்திலேயே அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மறுநாள் பூசைக்கு முன் சாமியாரிடம் என் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கோப்பை அந்த முறையும் கிடைக்கவில்லை. எனக்கு வருத்தமும் இல்லை. இப்போதெல்லாம் பையன்கள் பேசி முடிக்கும்வரை நான் வாய் திறப்பதில்லை.

பனி இறங்கும் காலைகளில் இன்றும் எனக்குப் பயம் வரும். யானையை நினைத்து அல்ல. அவ்வளவு பக்கத்தில் ஒருவர் நிற்கிறார் என்று தெரிந்துகொண்டவனின் பயம் அது.

உங்கள் பிள்ளையும் உங்கள் குரல் எட்டாத ஏதோ ஓர் இடத்தில் இருக்கலாம். ஆண்டவரிடம் சொல்லுங்கள், அவர் கூப்பிடுவார். உங்களுக்கு ஒன்றும் கேட்காது. ஆனால் பிள்ளைக்குக் கேட்கும்.