வீரகத்தியர் கட்டிய மடை

கண்டாவளையில் வீரகத்தியரின் வயலில் ஒரு சொட்டுத் தண்ணீர் வீணாய்ப் போனது என்று யாரும் சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்துக் கிணற்றில் இறைத்து வளர்ந்த மனுசன். ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதுகளில் குடியேற்றக் காணி கிடைத்து வன்னிக்கு வந்த பிறகும் தண்ணீரில் அந்தக் கஞ்சத்தனம் போகவில்லை. மனைவி இராசேஸ்வரி காய்ச்சலில் போனாள். பிள்ளையும் இல்லை. மண்வெட்டியோடுதான் கதை பேச்சு என்று ஆனபின், மடை கட்டுவதும் திறப்பதுமே அவருக்குச் சீவியமாயிற்று.

அறுபதைத் தாண்டியதும் சலம் அடைத்து, ஒரு சொட்டுச் சிறுநீரும் போகாமல் வயிறு வீங்கித் துடித்தார். பக்கத்துக் காணி நடராசா அவரை லொறியில் ஏற்றிப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். அறுவடைக் காலம், அவரைக் குறை சொல்ல முடியாது.

அடிவயிற்றைக் கீறி, வீங்கிய புரொஸ்டேட் சுரப்பியை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து பார்த்தால், உள்ளிருந்து வந்த றப்பர் குழாயொன்று தொடையோடு ஒட்டப்பட்டு, கட்டிலுக்குக் கீழே போத்தலுக்குள் சிவப்பாய் வடிந்துகொண்டிருந்தது.

அந்த ஆஸ்பத்திரி வாட்டில் ஒரு வழக்கம். நோயாளிக்குரிய சங்கதியை மிசிமார் என்கிற தாதிகள் நோயாளிக்குச் சொல்லமாட்டார்கள். பின்னேரம் பார்க்க வருகிற சொந்தக்காரருக்குத்தான், கட்டிலின் காலடியில் நின்று சொல்வார்கள். பக்கத்துக் கட்டில் சின்னராசாவைச் சுற்றி மகள், மருமகன், சோற்றுப் பார்சல், ஒரே கலகலப்பு. வீரகத்தியரின் தலைமாட்டில் ஒருவரும் இல்லாததால் மிசியும் அவருடைய காலடியில் நிற்கவில்லை.

அப்போது, சின்னராசாவின் மருமகனிடம் மிசி சொன்னது காதில் விழுந்தது.

"இரத்தம் கூடப் போனால் ஏத்த வேணும். ஆராவது குடுக்க ஆயத்தமா இருங்கோ."

வீரகத்தியர் போத்தலைப் பார்த்தார். தனக்கு யார் தருவார்? எவ்வளவு யோசித்தும் ஒரு பெயரும் அகப்படவில்லை. உள்ளதையாவது காப்பாற்ற வேண்டும் என்று, வாழ்நாள் முழுக்கச் செய்ததையே செய்தார். குழாயை மடித்து, இடுப்பில் உடுத்திருந்த சாரத்து நுனியால் இறுக்கிக் கட்டினார். வடிவது நின்றது.

நிம்மதி கொஞ்ச நேரம்தான். வயிறு கல்லாகியது. பல்லைக் கடித்துப் பொறுத்தார். குழாயோரத்தால் இரத்தம் பீறிட்டுப் படுக்கை நனைந்தபோதுதான் கத்தினார்.

யூலிற்றா மிசி ஓடிவந்து கட்டை அவிழ்த்தாள். டொக்டர் குழாய் வழியே தண்ணீர் அடித்து, உள்ளே உறைந்திருந்த கட்டிகளைக் கழுவி எடுத்தார். பிறகு குழாயை இறுக்கி இழுத்துத் தொடையில் மறுபடி ஒட்டினார்.

"ஏன் அப்பு கட்டினனீங்கள்?" என்று யூலிற்றா கேட்டாள். "குழாயின்ரை நுனியிலை உள்ளுக்கு ஒரு சின்னப் பலூன் இருக்கு. இழுத்து ஒட்டினால் அதுதான் வெட்டின இடத்தை அமத்தி இரத்தத்தை நிப்பாட்டும். குழாய் ஓட வேணும். அடைச்சால் கட்டிபட்டு இன்னும் கூடப் போகும். உங்களுக்கு ஆரும் சொல்லேல்லையோ?"

"எனக்கு இரத்தம் தர ஆருமில்லைப் பிள்ளை. அதுதான் மிச்சம் பிடிச்சனான்."

மிசி நனைந்த விரிப்பை மாற்றிவிட்டாள்.

மறுநாள் பின்னேரம் வாட்டு சொந்தபந்தங்களால் நிறைந்திருந்தது. யூலிற்றா வீரகத்தியரின் போத்தலைத் தூக்கிப் பார்த்தாள். சிவப்பரிசி கழுவிய தண்ணீர்போல வெளிறியிருந்தது. மற்ற நோயாளிகளின் சொந்தக்காரரோடு பேசுவதுபோலவே அவருடைய கட்டிலின் காலடியில் போய் நின்றாள்.

"இரத்தம் நிண்டிட்டுது. இனி ஏத்தத் தேவையில்லை. குழாய் ஒட்டின காலை மட்டும் மடக்க வேண்டாமெண்டு அவருக்குச் சொல்லுங்கோ."

வீரகத்தியர் திரும்பித் தன் தலைமாட்டைப் பார்த்தார். ஒருவருமில்லை.

"ஓம் மிசி," என்றார். "நான் அவருக்குச் சொல்லுறன்."