கேரட் தோட்டத்துப் புல்

என் மனைவி இறந்த அன்று நான் அழவில்லை. வந்தவர்கள் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழுகை வந்தால் அழமாட்டேனா? வரவில்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவளை ஆம்புலன்ஸில் திரும்பக் கொண்டுவந்தேன். இடையில் நடந்த எதுவும் எனக்குள் இறங்கவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டதும் கன்னம் மரத்துப்போகுமே, அந்த மாதிரி ஆள் முழுக்க மரத்துப்போயிருந்தேன். டீ கொடுத்தால் குடித்தேன். எழுந்திரு என்றால் எழுந்தேன்.

ஊட்டி ஏரிப் பக்கம் வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவது என் தொழில். ஒரே ஒரு குதிரை. லவ்டேல் போகும் சாலைக்குக் கீழே வீடு, வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை. குதிரைக்காரர்கள் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டுக் குதிரைக்குக் கருமாதி முடிகிற வரை சேணம் கட்டக் கூடாது. அதுவரை அதற்குத் தீனியும் தண்ணீரும் மற்றவர்கள் பொறுப்பு.

அது சீசன் நேரம். அவரவருக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை. அப்படியும் கூட்டாளி ஒருவர் தினமும் காலையில் வந்து என் குதிரையைப் பிடித்துக்கொண்டு போய், கேரட் எடுத்துவிட்டுச் சும்மா கிடந்த ஒரு தோட்டத்தில் கட்டினார். கோடை மழை பெய்து ஓய்ந்திருந்தது. கேரட்டுக்குப் போட்ட கோழி எரு மண்ணில் அப்படியே இருக்க, புல் கருகருவென்று ஏறி நின்றது.

"இருக்கறதுலயே நல்ல புல்லாப் பாத்துக் கட்டியிருக்கேனுங்கண்ணா. வாயில்லாத ஜீவன், அதுக்கும் அக்கா போனது தெரியுமில்லீங்க. வயிறாரத் தின்னட்டும்" என்றார்.

சரி என்றேன். எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாள் முழுக்க நடந்தே பழகிய குதிரை. அது நின்ற இடத்திலேயே நின்று, வயிறு முட்டத் தின்று, சாயங்காலம் கொட்டகைக்கு வந்து மறுபடியும் நின்றது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று யாருக்குத்தான் தெரியாது? துக்க வீட்டில் அதை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

ஒருநாள் காலையில் கொட்டகைக்குப் போனேன். பின்னங்கால் இரண்டும் முட்டிக்குக் கீழே வாழைத்தண்டு மாதிரி வீங்கி உருண்டிருந்தன. கட்டைவிரலால் அழுத்தினேன். விழுந்த குழி விழுந்தபடியே இருந்தது. குதிரை காலை இழுத்துக்கொள்ளவில்லை. எனக்கும் பதறவில்லை.

குதிரையைப் பிடிக்க வந்த கூட்டாளிதான் பதறிப்போய்க் கால்நடை டாக்டரம்மாவைக் கூட்டிவந்தார். அந்த அம்மா காலைத் தடவிப் பார்த்தார், நான்கு குளம்பிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"குளம்புல சூடு இல்லீங்க, அந்த வரைக்கும் தப்பிச்சோம். இந்தப் புல்லுல சத்து ஜாஸ்தி. அதைத் தின்னுட்டு நடக்காம நின்னா நீர் கால்ல இறங்கிரும். பச்சைப் புல்லை நிறுத்திட்டு வைக்கோல் போடுங்க. காலையிலயும் சாயங்காலமும் மெதுவா நடத்துங்க. ஒவ்வொரு தடவையும் குளம்பைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா நடத்தாதீங்க, உடனே கூப்பிடுங்க. குளம்புல இறங்கிருச்சுன்னா அப்புறம் இது சவாரிக்கு ஆகாதுங்க."

கூட்டாளி, தானே நடத்துவதாகச் சொன்னார். சீசனில் அவருக்கு ஏது நேரம்? நான் கயிற்றை எடுத்தேன். துக்கத்துக்கு வந்து தங்கியிருந்த என் அக்கா வாசலை மறித்தாள்.

"கொள்ளி வெச்சவன் கருமாதி முடியாம குதிரையைப் புடிச்சுட்டு ரோட்டுல போவியா? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"நாலு பேரு வந்து நடத்துவாங்களான்னு கேட்டுச் சொல்லுக்கா" என்றேன்.

சாவுக்குப் பிறகு நானாகப் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். அக்கா வழிவிட்டாள்.

லவ்டேல் சாலையில் ஓரமாக நடந்தோம். முதலில் குதிரை காலை மடக்கவே யோசித்தது. சாலையை மறைத்து மஞ்சு மூட்டம் இறங்கும், விலகும். ஒரு கார் பக்கத்தில் வந்து நின்றது. சவாரி உண்டா என்று கேட்டார்கள். கால் சரியில்லை என்றேன். யாருக்கு என்று கேட்டார் உள்ளே இருந்தவர். அப்போது சிரிப்புகூட வரவில்லை, இப்போது நினைத்தால் வருகிறது.

காலையில் கண் விழித்ததும் போய்க் குளம்பைத் தொடுவேன். சில்லென்று இருக்கும். வெளியே கூட்டிப்போவேன். திரும்பி வந்ததும் தொடுவேன். வைக்கோலை உதறிப் போடுவேன். வீட்டுக்குள் கருமாதிச் சாப்பாட்டுக்கு யார் யாரை அழைப்பது என்று பேச்சு நடக்கும். என்னைக் கேட்டால் சரி என்பேன். குதிரை போனால் பிழைப்பும் போகும் என்பதுகூட யாருடைய கஷ்டமோ மாதிரிதான் தெரிந்தது. ஆனால் கை மட்டும் குளம்பைத் தேடிப் போய்விடும். அது ஒன்றுதான் எனக்கு வேலை, அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் டாக்டரம்மா வந்தார். அழுத்திப் பார்த்தார், குழி விழவில்லை. நரம்பு தெரிய, கால் பழையபடி ஒல்லியாக இருந்தது.

"சுத்தமா வடிஞ்சிருச்சுங்க. நாளைக்கே சேணம் கட்டலாம், நீங்க வேலைக்குப் போகலாம்" என்றார்.

நாளைக்கு என்ற சொல் என்னை அடித்துப் போட்டுவிட்டது. நாளைக்குச் சேணம் கட்ட வேண்டும், ஏரிக்குப் போக வேண்டும், இருட்டியதும் அவள் இல்லாத வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அதற்கு மறுநாளும் அப்படித்தான். குதிரையின் கழுத்தில் முகத்தை வைத்து அழுதேன். உட்கார்ந்து அழுதேன். அடக்க முடியவில்லை.

"அழாதீங்கண்ணா, இனி ஒண்ணும் பயமில்லீங்க" என்று டாக்டரம்மா தேற்றினார். கூட்டாளிக்கும் கண் கலங்கிவிட்டது.

பெண்டாட்டிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன் குதிரை தேறிய சந்தோஷத்தில் விழுந்து புரண்டு அழுதான் என்று ஏரிக்கரையில் இன்றும் கேலி பேசுகிறார்கள். அக்காவுக்கும் அதில் என்மேல் மனத்தாங்கல்தான். பேசட்டும். ஐயோ, அதற்குள் தேறிவிட்டதே என்றுதான் அழுதேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?