ஏழடியை ஐந்தடி என்றேன்

நான் பொய் சொன்னேன்.

ஏழடிப் பாதையை ஐந்தடி என்று சொன்னேன். வாய் தவறி அல்ல. அளவு நாடாவில் எண் ஏழைத் தாண்டி நிற்பதை நன்றாகப் பார்த்தேன். பிறகு நிமிர்ந்து, என் மாமனாரின் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அவர் நம்பினார். அந்த ஒரு சொல்லால், அவர் ஆசைப்பட்ட டிராக்டர் எங்கள் வீட்டுக்கு வராமலே போனது.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? அவரிடம் சொல்ல முடியவில்லை... வேறென்ன!

எங்கள் வீடு வெம்பக்கோட்டைப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் இரண்டரை ஏக்கர் கரிசல். பாதியில் எலுமிச்சை, மீதியில் மழையை நம்பி மக்காச்சோளம். வாடகை டிராக்டர் பின்பக்கத்துத் தரிசு வழியாக வந்து உழுதுவிட்டுப் போகும். அந்தத் தரிசை ஒரு வெடிக் கம்பெனி வாங்கிக் கம்பி வேலி போட்டதும் வழி அடைபட்டது. மிஞ்சியது வீட்டை ஒட்டிய சந்து மட்டும். ஒரு பக்கம் எங்கள் சுவர், மறுபக்கம் அடுத்த வீட்டு மதில். சுவரில் உரசும் என்று வாடகைக்காரர்கள் அதற்குள் வர மறுத்தார்கள்.

"சொந்தமா ஒரு வண்டி எடுத்துருவோம்" என்றார் மாமா.

இளவயதில் பிறர் நிலத்தில் பிறருடைய டிராக்டரை ஓட்டியவர் அவர். பிறகு விஸ்வநத்தத்து வெடி ஆபீசில், அதாவது பட்டாசு ஆலையில், காலம் தள்ளினார். இப்போது என் கணவர் அங்கே போகிறார், மாமா வீட்டில் இருக்கிறார். சொந்த வண்டியில் ஏறி, நாலு பேர் நிலத்துக்கு வாடகை உழவுக்குப் போக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

விருதுநகரில் டிராக்டர் விற்கும் கடைக்கு எல்லோருமாகப் போனோம். என் மகள் பவிக்கு அப்போது நான்கு வயது.

"எம்புட்டு நெலம் வச்சிருக்கீக?" என்று கடைக்காரர் கேட்டார். மாமா சொன்னார்.

"வீட்டுத் தோட்டத்துக்கு மட்டும்னா பதினெட்டு எச்.பி. சின்ன வண்டி தாராளம். மரத்துக்கு நடுவுல திரும்பும், கெளைய முறிக்காது. வாடகைக்கு ஓட்டணும், லோடு அடிக்கணும்னா முப்பத்தஞ்சு எடுங்க. எதுக்கும் பாதைய அளந்துட்டு வந்துருங்க. வண்டிய வாங்கிட்டு ரோட்டுலயே நிப்பாட்டி வச்சிருக்கவுக நெறைய பேரு!"

பெரியதன் அகலம் ஐந்தரை அடிக்குச் சற்றுக் கூடுதல். சின்னது நான்கடி.

மாமாவின் கண் சின்னதன் பக்கம் திரும்பவே இல்லை. பெரிய வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு பவியைத் தூக்கி, பின்சக்கரத்துக்கு மேலிருந்த மட்கார்டில் உட்கார வைத்தார்.

"இதுதேன் ஒன் சீட்டு. தாத்தா உழுறப்ப நீ இங்கனதான் இருக்கணும், என்ன?"

பவி கைகொட்டிச் சிரித்தாள். அவளுடைய சின்னக் கால்கள் அந்தச் சக்கரத்தின் பற்களுக்கு ஒரு சாண் மேலே ஆடிக்கொண்டிருந்தன.

நான் கைநீட்டி அவளை இறக்கிக்கொண்டேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் இது வழக்கம். டிராக்டர் உள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்கார்டில்தான் வளர்கிறார்கள். யாரும் தவறாக நினைப்பதில்லை. "பயமாக இருக்கிறது, ஏற்ற வேண்டாம்" என்று நான் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள்.

சொல்லக் கூடாது! எங்கள் வீட்டில் பயத்தை வாயால் சொல்லக் கூடாது.

வெடி ஆபீசுக்கு ஆள் போகும் வீடுகளில் இது எழுதாத சட்டம். கல்யாணமான புதிதில் ஒரு காலையில் என் கணவரிடம், "பாத்து வேலை செய்யுங்க, ஏதும் ஆயிரப் போகுது" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான்! மாமியார் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, "மொதல்ல வாயக் கொப்புளி" என்றார். கொப்புளித்தேன். அன்றிலிருந்து என் பயங்களை எல்லாம் விழுங்கப் பழகினேன். பட்டப்படிப்பு படித்தவள்தான் நான்... படிப்பு அதற்கு உதவவில்லை.

மறுநாள் அந்தச் சந்தின் அகலத்தை அளந்தோம். நாடாவின் ஒரு முனையை மாமா மதிலில் பிடித்துக்கொண்டார். மறுமுனை என் கையில். எண்ணும் என் பக்கம்தான்.

ஏழே கால் அடி. பெரிய வண்டி தாராளமாகப் போகும்.

"எம்புட்டு தாயி?"

"அஞ்சடி மாமா."

"அஞ்சுதானா? கண்ணுக்கு அகலமாத் தெரியுதே..."

"கண்ணு ஏமாத்தும் மாமா. டேப்பு ஏமாத்தாது."

ஐயோ, அந்த வாக்கியம்! யாரும் கேட்காமலேயே நான் சேர்த்துக்கொண்ட வாக்கியம்! பொய்யை விட அதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் கூசுகிறது.

அவர் நாடாவைத் தன் பக்கம் இழுத்துப் பார்க்கவில்லை. "படிச்ச பிள்ள சொன்னாச் சரியாத்தேன் இருக்கும்" என்று சொல்லிவிட்டு முனையை விட்டார். நாடா விருட்டென்று சுருண்டு என் கைக்கு வந்து சேர்ந்தது.

அன்று சாயங்காலமே விறகுக் கட்டுகளை எடுத்து மதிலோரம் அடுக்கத் தொடங்கினேன். பிறகு இரண்டு பழைய தொட்டிகள், ஒரு கறிவேப்பிலைச் செடி... இப்போது அந்தப் பாதை உண்மையாகவே ஐந்தடிதான்!

சின்ன வண்டி வந்தது. அதன் மட்கார்டில் ஒரு தூக்குவாளியைக்கூட நிலையாக வைக்க முடியாது. நான் மூச்சு விட்டேன்.

ஊர் விடவில்லை. பெரிய டிராக்டர் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக் கருப்பசாமி அண்ணன் முதல் நாளே அதில் வந்து நின்றார்.

"என்ன சின்னையா, வண்டிக்குப் பால்குடி மறந்துருச்சா, இல்ல இன்னும் தாயத் தேடுதா?"

"ஏலே, ஒன் எருமை குடிக்கிற டீசல்ல என் வண்டி குளிச்சுரும்லே. போலே!"

மாமா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவர் அந்தப் பெரிய வண்டி தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றதை நான் அடுப்படி சன்னல் வழியாகப் பார்த்தேன்.

நான் செய்தது சரிதானோ, தவறோ என்று எத்தனை நாள் கணக்குப் போட்டிருப்பேன்! எங்கள் நிலத்துக்குச் சின்னதுதான் பொருந்தியது. இது உண்மை. எலுமிச்சை வரிசைகளுக்கு நடுவே கிளை ஒடியாமல் போனது. வரப்போரத்தில் ஒரே மடக்கில் திரும்பியது. மழை பெய்து ஈரம் காயாத கரிசலில் பெரிய வண்டி போல மண்ணை அழுத்திக் கெட்டியாக்கவில்லை. அளவை ஒழுங்காகச் சொல்லி, இந்தக் காரணங்களை எல்லாம் நேராகவே பேசியிருந்தால் மாமா ஒத்துக்கொண்டிருப்பாரோ? ஒருவேளை. ஒருவேளை மாட்டார்... ஆனால் அது அவருடைய முடிவாக இருந்திருக்கும் அல்லவா?

இத்தனை செய்தும் என்ன நடந்தது தெரியுமா?

ஒரு நாள் துணி உலர்த்தப் பின்பக்கம் போனேன். எலுமிச்சை வரிசைக்கு நடுவே வண்டி வந்துகொண்டிருந்தது. பின்னால் சுழல் கலப்பையின் கத்திகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. மாமாவின் மடியில் பவி!

மட்கார்டு இல்லாவிட்டால் என்ன, மடி இருக்கிறதே! இது எப்படி எனக்குத் தோன்றாமல் போனது?

ஈரத்துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். என் தொண்டையிலிருந்து அந்தக் குரல் எப்படி வந்ததென்று எனக்கே தெரியாது.

"மாமா, நிப்பாட்டுங்க! பிள்ள விழுந்துரும்! எனக்குப் பயமா இருக்கு, மாமா!"

சொல்லிவிட்டேன். சொல்லக் கூடாததை, அதுவும் தெருவுக்கே கேட்கும்படி.

இயந்திரம் நின்றது. மாமியார் புறவாசலுக்கு ஓடி வந்தார். "வாயக் கழுவுடி! என்ன பேச்சு பேசுற?"

மாமா அவரைக் கையமர்த்தினார். பவியை மெல்ல இறக்கிவிட்டுத் தாமும் இறங்கினார். திட்டப்போகிறார் என்று தலை குனிந்து நின்றேன்.

"எனக்கும் அதே பயந்தேன் தாயி" என்றார் தாழ்ந்த குரலில். "ஒரு கை இவளப் பிடிச்சிருக்கும், ஒத்தக் கையிலதேன் ஸ்டீரிங். உசுரு கையில இல்ல. பிள்ள கேக்குறப்ப மாட்டேன்னு சொல்ல மனசு வரல. நீயாவது சொல்லுவேன்னு பாத்தேன். நீயும் வாயத் தெறக்க மாட்டேங்குற."

அவருக்கும் பயம்! மாமா, மாமியார், நான் என மூன்று பேரும் ஒரே பயத்தை ஆளுக்கொரு மூலையில் ஒளித்து வைத்திருந்தோமா?

நான் அழுதேன், அழுதுகொண்டே சிரித்தேன். அத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் நெஞ்சு அப்படி லேசானது. மாமியார்கூடச் செம்பை எடுக்கவில்லை. பவியை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். வண்டி ஓடும்போது பிள்ளை புறவாசலைத் தாண்டக் கூடாது என்று அன்றே பேசி முடிவானது. பவி இரண்டு நாள் மூக்கைச் சிந்தினாள், மூன்றாம் நாள் மறந்துபோனாள்.

இப்போது நான் பயத்தை வாய்விட்டுச் சொல்கிறேன். காலையில் கணவரிடம் சொல்கிறேன், மாமாவிடம் சொல்கிறேன். வானம் இடிந்து விழவில்லை. நிம்மதியாக இருக்கிறேன். இதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் பாருங்கள்... ஒரே வாக்கியத்தில் முடிந்திருக்க வேண்டிய காரியம் அது! 'எனக்குப் பயமா இருக்கு' என்ற அந்த வாக்கியத்தைக் கடையிலேயே சொல்லியிருந்தால் பிள்ளையும் பத்திரமாக இருந்திருப்பாள். மாமா தம் மனம் போல ஒரு வண்டியை எடுத்திருப்பார்.

போன வாரம் சொந்தக்காரர் ஒருவர் டிராக்டர் வாங்க யோசனை கேட்டு வந்தார். மாமா நிலத்தைச் சுற்றிக் காட்டினார். மரத்து இடைவெளி, மண்ணின் ஈரம், திரும்புகிற இடம் என்று ஒவ்வொன்றாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், சந்துக்கு வந்ததும் நின்றார்.

"இங்கன மட்டும் இன்னும் ரெண்டடி இருந்திருந்தா, நானும் பெரிய வண்டியே எடுத்திருப்பேன். என்ன தாயி?"

"ஆமா மாமா" என்றேன்.