எல்லோருக்கும் ஒரே தம்ளர்: அப்பாவும் அம்மாவும் நடத்திய காப்பிக்கடை

எங்கள் அப்பாவும் அம்மாவும் கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை அச்சுக்குக் கொடுக்கும் முன் பெரியப்பா என்னைக் கூப்பிட்டனுப்பினார். அப்பாவின் மூத்த சகோதரர். அவரிடம் எனக்கு மரியாதை உண்டு. "நல்லத மட்டும் எழுது மக்கா. அந்தப் பழைய காரியமெல்லாம் எதுக்கு? சொந்தக்காரங்க கையில போற புஸ்தகமில்லா?" என்றார்.

சொந்தக்காரர்கள் கையில் போகிற புத்தகம் என்பதால்தான் எழுதுகிறேன். அப்பாவும் அம்மாவும் செய்த நல்லதே அந்தப் பழைய காரியம்தான். அதை நீக்கிவிட்டால் பிறந்தார்கள், மணந்தார்கள், மரித்தார்கள் என்று மூன்று வரிதான் மிஞ்சும். அந்த மூன்று வரிக்கு ஒரு மலர் எதற்கு?

அப்பா பிறந்தது ஆரல்வாய்மொழியில். அம்மாவுக்குத் திற்பரப்புப் பக்கம். கலியாணமாகி வந்த புதிதில் அம்மா தண்ணீரை வெள்ளம் என்றும், பரவாயில்லை என்பதற்குச் சாரமில்லை என்றும் சொல்வதைக் கேட்டு அப்பா வீட்டுப் பெண்கள் சிரிப்பார்களாம். அம்மா பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. கொஞ்ச காலத்தில் அப்பாவே வெள்ளம் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அப்பாவிடம் அப்போது ஒரு மாட்டுவண்டி இருந்தது. அதில் ஆள் ஏற்றி நாகர்கோவிலுக்குப் போய்வருவதே பிழைப்பு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊர் வழியாக மோட்டார் பஸ் ஓடத் தொடங்கியதும் வண்டியில் ஏற ஆளில்லை. அந்த வருடமே அப்பா காளைகளை விற்றுவிட்டு, சௌக்கைக்கு எதிரில் ஓலைக் கொட்டகை போட்டார். சௌக்கை என்பது திருவிதாங்கூர் எல்லையில் சாமான்களைச் சோதிக்கும் சாவடி. சோதனை முடியும்வரை பஸ் அங்கே நின்றாக வேண்டும். "எனக்க வண்டிய நிறுத்துனவன் எனக்க கடையில நின்னு காப்பி குடிக்கட்டு" என்றாராம் அப்பா. ஆடிக் காற்றில் கூரை இரண்டு தடவை பறந்தது. இரண்டு தடவையும் அம்மா அப்பாவோடு ஏணியில் ஏறி ஓலை கட்டினார்.

கடையில் ஆறு கண்ணாடித் தம்ளர்கள், ஒரே ஒரு பெஞ்சு. யார் வந்தாலும் அந்தத் தம்ளரில்தான் காப்பி. வந்தவர் பெஞ்சில் உட்காரலாம். அக்கம்பக்கத்துக் கடைகளில் சில சாதியாருக்குத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி, வெளியே நிற்கவைத்துக் கொடுத்த காலம் அது. வேதக்கோயிலில் ஒரே ஜெபத்தைச் சொல்கிற நம்மவர்களும் அதைத்தான் செய்தார்கள். மலையிலிருந்து விறகு சுமந்துவரும் மாடத்தி அக்காள் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடித்ததைப் பார்த்த மறுநாளே எங்களுக்குப் பால் நின்றுபோனது. பால் தந்தவர்கள் அத்தனை பேரும் அப்பாவின் சொந்தக்காரர்கள்.

அன்று அப்பா தளர்ந்துபோனார். இதை மறைக்க எனக்கு மனமில்லை. "ரெண்டு தம்ளர தனியா மாத்தி வச்சிருவோமா? பிள்ளைகள் இருக்குல்லா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"பால் நின்னாச் சாரமில்ல. கருப்பட்டி இருக்கு, சுக்கு இருக்கு, வெள்ளம் இருக்கு. அவங்களுக்க பசு இல்லாட்டா நம்ம அடுப்பு எரியாதா?" என்றார் அம்மா.

அன்று முதல் கருப்பட்டிச் சுக்குக்காப்பி மட்டும்தான். எங்கள் ஊர் மலைக்கணவாய்க் காற்றில் நடுங்கிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கியவர்களுக்கு அதுவே பிடித்துப்போனது.

இனிச் சொல்லப்போவது என்னைப் பற்றியது. எனக்குப் பதினெட்டு வயதில் நல்ல இடத்திலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு ஆபீஸ் உத்தியோகம். எனக்குப் பிடித்திருந்தது. எல்லாம் பேசி முடிந்தபின் மாப்பிள்ளையின் தகப்பனார் ஒரு நிபந்தனை சொல்லியனுப்பினார்: கடையில் ஊர் வழக்கப்படி நடக்க வேண்டும், அடுத்த வாரம் நேரில் வந்து பார்ப்போம்.

அப்பா முடியாது என்றார். நான் அழுதேன். இந்த முறை தளர்ந்தது அம்மா. அந்த இருவரும் ஒரே நாளில் தளர்ந்து நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டின் அதிர்ஷ்டம் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

"ஏட்டி, உனக்கு அந்தப் பையன் வேணும்னா சொல்லு. சிரட்டை வைக்கலாம். ஆனா மாடத்திக்கு அத நீதான் உன் கையால குடுக்கணும். என்னால ஒக்காது" என்றார் அம்மா.

நான் கொடுத்தேன். இந்த மலரில் நான் எழுத அஞ்சிய வரி இதுதான். எழுதிவிட்டேன்.

மாடத்தி அக்காள் சிரட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தா மக்கா" என்று வாங்கிக்கொண்டு பெஞ்சிலிருந்து எழுந்து, ரோட்டோரப் புளியமரத்தடியில் போய் நின்று குடித்தார். அம்மா என்னைத் திட்டவில்லை. தன் தம்ளரில் இருந்த காப்பியை ஒரு சிரட்டையில் ஊற்றி, அடுப்பருகே நின்று குடித்தார். அப்பா அதைப் பார்த்துவிட்டுத் தானும் ஒரு சிரட்டையை எடுத்துக்கொண்டார். அந்த வாரம் முழுவதும் இருவரும் தம்ளரைத் தொடவில்லை.

சொன்ன நாளில் மாப்பிள்ளை வீட்டார் நான்கு பேர் வந்தார்கள். அப்பா துவைத்த வேட்டி கட்டி, கைகூப்பி வரவேற்றார். பெஞ்சில் உட்காரவைத்தார். பிறகு கண்ணாடித் துண்டால் சுரண்டி வழவழப்பாக்கிய நான்கு சிரட்டைகளை எடுத்துவந்து, ஆவி பறக்கக் காப்பி ஊற்றி அவர்கள் முன்னால் வைத்தார்.

மாப்பிள்ளையின் தகப்பனார் முகம் கறுத்தது. "என்னவே இது?"

"காப்பி, சம்பந்தி. எங்க கடையில எல்லாருக்கும் ஒண்ணுதான். தம்ளர்னா எல்லாருக்கும் தம்ளர், சிரட்டைன்னா எல்லாருக்கும் சிரட்டை. குடியுங்க, ஆறிப்போவும்."

அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அம்மா அந்த நான்கு சிரட்டைக் காப்பியையும் வெளியே கொட்டிவிட்டு, அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. ஐந்து மாதம் நான் அப்பாவோடு பேசவில்லை. அப்பாவும் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. "அவளுக்கு வருத்தம் இருக்கும். இருக்கட்டு" என்று அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மாடத்தி அக்காளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு மூன்று வருடம் ஆனது. "அத எப்பவோ மறந்தாச்சு மக்கா" என்றார். அவர் மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். மறக்கவேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

பின்னால் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் எங்கள் கடையில் காப்பி குடித்தார். திரும்பத் திரும்ப வந்து குடித்தார். அவரையே மணந்தேன். அந்தக் கலியாணத்துக்கு நம் குடும்பத்திலிருந்து யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது இதைப் படிக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும்.

சென்ற ஆண்டு அம்மாவுக்கு மூச்சிளைப்பு முற்றியது. அடுப்புப் புகை ஆகாது என்று வைத்தியர் சொன்ன பிறகும் கடையில் வந்து உட்கார்ந்திருப்பார். அப்பா சுக்குத் தட்டுவது சரியில்லை என்று கடைசி வாரம்கூடச் சண்டை போட்டார். அம்மா மரித்த அன்று உறவினர் சிலர் முற்றத்துக்கு வெளியே நின்று ஆளனுப்பினார்கள்: மாடத்தியின் மகன்கள் பெட்டியைத் தொட்டால் நாங்கள் உள்ளே வரமாட்டோம். அப்பா அம்மாவின் பக்கத்தைவிட்டு எழாமலே பதில் சொன்னார்.

"வராண்டாம்."

அம்மாவை அந்த மகன்கள் இருவரும், பஸ் டிரைவர் ஒருவரும், சௌக்கைச் சேவகர் ஒருவரும் சுமந்துபோனார்கள். பதினேழாம் நாள் அப்பாவும் போனார். அவருக்கு நோய் ஏதும் கண்டதாக வைத்தியர் சொல்லவில்லை. அதே தோள்கள்தான் அவரையும் சுமந்தன.

அந்த நால்வருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது. அம்மாவைக் கடைசி இரண்டு மாதம் குளிப்பாட்டி உடுத்திவிட்ட மாடத்தி அக்காளுக்கு நன்றி என்று எழுதினால் போதாது, ஆனாலும் எழுதுகிறேன். யார் தடுத்தும் கேளாமல் இரண்டு அடக்கங்களையும் நடத்தித்தந்த போதகருக்கும், இந்த ஆண்டு கடைக்குப் புதுக்கூரை வேய்ந்து தந்த அயலாருக்கும் நன்றி. அன்று வெளியே நின்றவர்களுக்கும் இந்த மலர் வருகிறது. அவர்களைப் பழிக்க இதை எழுதவில்லை. மன்னித்ததாகவும் எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினேன்.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கடையிலேயே நினைவு ஜெபம் நடக்கும். எல்லோரையும் அழைக்கிறோம். வருகிறவர்கள் கிடைத்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். யாருக்கும் தனியிடம் போடவில்லை.

இப்படிக்கு,
மகள்