பட்டாளத்துக்கு எத்தனை வேகன்

ஒரு டிவிஷன் பட்டாளம் நாளொன்றுக்கு முப்பது வேகன் தின்னும் என்று எழுதி அடியில் கோடு போடுகிறார் சக்கரபாணி. திருவண்ணாமலை ரயில் நிலையத்தில் கூட்ஸ் கிளார்க். வேர்க்கடலை மூட்டைகளை நிறுத்து ஏற்றியது போக மிச்ச நேரமெல்லாம் உலகத்துப் படைகளை எடைபோடுவார்.

யாராவது டாங்கியையும் விமானத்தையும் எண்ணினால் அவருக்குச் சிரிப்பு வரும். "பீரங்கி இருந்து என்னய்யா? குண்டு வந்து சேரணுமில்ல? அரிசி, டீசல், மருந்து... எவனுக்கு வேகன் ஜாஸ்தியோ அவன்தான் நிப்பான்."

ஈரானும் ஈராக்கும் ஆறு வருடமாக அவருடைய நோட்டில் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கின்றன.

"எப்ப சார் முடிச்சு வெக்கப் போறீங்க?" என்று சீண்டுவான் லோடுமேன் இருசப்பன்.

"ரெண்டு பேருகிட்டயும் எண்ணெய் கீதுடா. முடியாது."

எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு நடந்த சண்டையில் அவர் சொன்னது பலித்தது. கிழக்கே கடல்வழியை அடைத்துவிட்டால் எதிரி பதினைந்து நாள் தாங்கமாட்டான் என்றார், தாங்கவில்லை. ஸ்டேஷனே அவரைப் பற்றித்தான் பேசியது. நம் பக்கத்துச் சேதத்தையும் முன்பே கணித்திருந்தார்: ஆயிரத்துக்குப் பத்துப் பேர். அப்போது, குடோனில் சிந்தும் கடலையைக் கூட்டியெடுக்கும் வெள்ளையம்மாளின் மூத்த மகன் பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்தான். திரும்பிப் போக அவனுக்கு மனமில்லை. என்ன செய்யலாம் என்று கேட்டவளுக்கு அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினார்.

"ஆயிரத்துல பத்துதான். பயப்படாம அனுப்பு."

அனுப்பினாள். அவன் அந்தப் பத்தில் ஒருவனானான்.

கணக்கு தப்பியிருந்தால் நோட்டைக் கிழித்துப் போட்டிருப்பார். தப்பவில்லை. அதன்பின் எந்தச் சண்டைக்கும் சேதம் என்ற பத்தியை மட்டும் அவர் நிரப்புவதில்லை.

இந்தத் தை மாதம் ராஜஸ்தான் எல்லையில் இரு படைகளும் நேருக்கு நேர் நிற்பதாகப் பத்திரிகைகள் எழுதின. சக்கரபாணி பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தார். அந்த நேரம் வெள்ளையம்மாள் வந்து நின்றாள். கையில், இளையவன் தருமனைப் பட்டாளத்தில் சேர வரச்சொல்லி வந்திருந்த காகிதம். அதை அவர் முன் மேஜையில் விரித்து வைத்தாள்.

"போயே தீருவேன்னு நிக்கிறான் ஐயா. அன்னிக்கு நீங்க சொன்னமாதிரிதானே சண்டை முடிஞ்சுது. இப்பவும் பார்த்துச் சொல்லுங்க. அனுப்பட்டுமா?"

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"சொல்லுங்க சார், எல்லாம்தான் எழுதி வெச்சிருக்கீங்களே" என்றான் இருசப்பன்.

"எனக்குத் தெரியாதும்மா."

சக்கரபாணி நாற்காலியை விட்டு எழுந்தார். காகிதத்தை வந்த மடிப்பிலேயே மடித்து, இரண்டு கைகளாலும் அவளிடம் நீட்டினார்.