அமாவாசையில் எழுப்பிய கணினிகள்

கணினியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை. பழைய புத்தகக் கடையில் வாங்கிய கையேடுகளையும் ஓர் ஆங்கில அகராதியையும் அருகருகே விரித்து வைத்துக்கொண்டு, நாற்பது வயதுக்கு மேல் நானாகக் கற்றுக்கொண்டேன். அக்கல்வியின் பயனாகக் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பதினெட்டுக் கணினிகளுக்கும் காவலனானேன். காவலன் என்பது சற்று உயர்த்திச் சொன்னது. புதிய மென்பொருள் வரும்போதெல்லாம் பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேசை மேசையாகப் போய் நிறுவுவதே என் உத்தியோகம். ஒவ்வொரு மேசையிலும் ஒரு டீயும் ஒரு குடும்ப வழக்கும் காத்திருக்கும். பதினெட்டும் முடிய மூன்று நாள் ஆகும்.

சென்ற ஆண்டு, அவ்வேலையைச் சென்னை நிறுவனம் ஒன்றுக்கு ஒப்பந்தமாகக் கொடுத்துவிடலாம் என்று சங்கத்தின் செயலாளர் நினைத்தார்.

"அவங்க அங்க உக்காந்துக்கினே இங்க இருக்கிற எல்லாப் பொட்டிலயும் போட்டுடுவாங்களாம். நீங்க என்னாடான்னா மூணு நாளு ஊர்கோலம் வர்றீங்க. வயசாயிடுச்சி, வூட்ல ரெஸ்ட் எடுங்களேன்."

ரெஸ்ட் என்ற சொல் என்னைத் தைத்தது.

"நானும் ஒரே சேர்ல உக்காந்துக்கினு போட்டுக் காட்டறேன். எழுந்திருக்கவே மாட்டேன். முடியலன்னா நானே எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அச்சம் வந்தது. ஆயினும் சொன்னது சொன்னதுதான்.

இரண்டு மாதம் முயன்று ஒரு நிரலை எழுதினேன். உறங்கும் கணினி ஒவ்வொன்றையும் என் மேசையிலிருந்தே வலைவழியாக எழுப்பி, மென்பொருளை அனுப்பி, நிறுவி, மீண்டும் உறங்க வைப்பது அதன் பணி. இரண்டு கணினிகளில் சோதித்தபோது சொன்னபடி கேட்டது. இனி, யாரும் கணினியைத் தொடாத ஒரு நாள் வேண்டும். அமாவாசையைத் தேர்ந்தெடுத்தேன். அன்று ஊரில் தறி ஓடாது, சங்கத்துக்கும் விடுமுறை. நானோ பக்கத்துக் கிராமமான தாமலில் நெல் பயிரிட்ட குடும்பத்தைச் சேர்ந்தவன். தறிக்காரர்கள் அந்த நாளை எப்படியெல்லாம் அனுசரிப்பார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

பதினொரு மணிக்குச் செயலாளரும் சென்னைப் பொறியாளரும் வருவதாக ஏற்பாடு. ஒத்திகை பார்க்க ஒன்பதரைக்கே போய் நிரலை ஓட்டினேன். பதினெட்டுப் பெயர்களும் திரையில் சிவப்பாக நின்றன. ஒன்றுகூட எழவில்லை. பக்கத்து அறைக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு மேசைக்கடியிலும் மின்கம்பியும் வலைக்கம்பியும் பிடுங்கப்பட்டு, அழகாகச் சுற்றி, கழிவுப் பட்டு நூலால் கட்டி வைக்கப்பட்டிருந்தன.

துடைப்பத்துடன் வந்த பெருக்கும் அம்மாள் என் கோலத்தைப் பார்த்து நின்றார்.

"என்னா சார், பல்லி கில்லி பூந்துடுச்சா?"

"யாரும்மா இதெல்லாம் கழட்டினது?"

"அவங்கவங்கதான். அமாவாசைக்கு மொத நாளு எப்பவும் கழட்டிட்டுத்தான போவாங்க. தறிக்கு ஓய்வு குடுக்கிறோம், பொட்டி மட்டும் என்னா பாவம் பண்ணுச்சி?"

"எனக்கு யாரும் சொல்லவே இல்லியே!"

"நீதான் அமாவாசையில இந்தப் பக்கமே வர்றதில்லியே சார்."

வேறு வழியில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேசைகளின் அடியில் புகுந்தேன். அம்மாள் துடைப்பத்தைச் சாத்திவிட்டு எதிர் வரிசையில் நுழைந்தார். நெற்றியில் இரண்டு முறை மேசை இடித்தது. பதினேழு கணினிகளுக்குக் கம்பி மாட்டியாயிற்று. பதினெட்டாவது டிசைன் அறையில் இருந்தது. அறையோ பூட்டியிருந்தது. சாவி டிசைன் மாஸ்டரின் இடுப்பில். அவரோ குளக்கரையில் தர்ப்பணம் கொடுத்துக்கொண்டிருந்தார். வாசலில் கார் வந்து நிற்கும் ஓசை கேட்டது. ஓடிப்போய் நாற்காலியில் அமர்ந்து, வெகுநேரமாக அங்கேயே அமர்ந்திருப்பவனைப் போல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

இருவரும் என் பின்னால் வந்து நின்றார்கள். விசையைத் தட்டினேன். ஆளில்லாத அறைகளில் ஒவ்வொன்றாகக் கணினிகள் முனகிக்கொண்டு எழும் ஒலி கேட்டது. திரையில் பெயர்கள் பச்சையாயின. பொறியாளர் முன்னால் குனிந்தார். அரை மணியில் பதினேழும் முடிந்தன.

"அது ஏன் சேப்பாவே இருக்குது?" என்றார் செயலாளர்.

"அது டிசைன் ரூம் பொட்டிங்க. அமாவாசை இல்லீங்களா, விரதம்" என்று என் வாயில் வந்துவிட்டது.

செயலாளரும் தறிக்காரக் குடும்பம்தான். "ஆமா, அவரு ஆசாரமான ஆளு" என்று பக்தியோடு தலையசைத்தார். பொறியாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

கதவோரம் நின்றிருந்த அம்மாளுக்கு என் பேரில் இரக்கம் மிகுந்துவிட்டது. "மீதி பதினேழும் விரதந்தான் இருந்துச்சி. நானும் சாரும் மேசைக்கடியில பூந்து கலைச்சோம். பாவம், சாருக்கு முட்டியே தேஞ்சிடுச்சி."

செயலாளரின் பார்வை என் வேட்டிக்கு இறங்கியது. முழங்கால் இருந்த இரண்டு இடங்களிலும் வட்டமாக அழுக்கு.

"எழுந்திருக்கவே மாட்டேன்னீங்க?"

"எழுந்திருக்கலீங்க. தவழ்ந்தேன்."

வேலை போயிற்று என்றே எண்ணினேன். செயலாளர் சிரிக்கவில்லை. பொறியாளரிடம் திரும்பினார்.

"உங்க ஆளுங்க சென்னையில இருந்துக்கினே இந்த ஒயரை சொருகிடுவாங்களா?"

"அது முடியாது சார். ஸ்பாட்ல யாராவது இருக்கணும். ஆனா ஸ்கிரிப்ட் நல்லா எழுதியிருக்காரு. நாங்களும் இப்படித்தான் பண்ணுவோம்."

"அப்ப உங்களுக்கும் துட்டு குடுத்து, தவழறதுக்கு இவரையும் வச்சிக்கணுமா?" என்றவர், ஒப்பந்தத் தாள்களை மடித்துப் பொறியாளரிடமே நீட்டினார். அதன் பிறகே சிரித்தார்.

மறுநாள், வெற்றிக் களிப்பில், கணினிகளின் இணைப்பை இனி எவரும் கழற்றலாகாது என ஒரு சுற்றறிக்கை எழுதி அவர் முன் வைத்தேன். படித்துவிட்டுக் கையெழுத்திடாமல் திருப்பித் தந்தார்.

"இதை ஒட்டினா என்னைக் கழட்டி, சுத்தி, நூலால கட்டி வச்சிடுவாங்க. நீங்க உங்க தேதியை மாத்திக்குங்க."

மாற்றிக்கொண்டேன். என் நிரலின் தொடக்கத்தில் இப்போது அமாவாசைத் தேதிகளின் பட்டியல் ஒன்று உண்டு; அந்நாள்களில் அது எந்தக் கணினியையும் எழுப்பாது. புதிய பஞ்சாங்கம் வந்ததும் அதைத் திருத்தி அமைக்கும் பொறுப்பு, செயலாளரின் எழுத்துபூர்வமான ஆணைப்படி, ஆண்டுதோறும் என்னுடையது.