பெட்டக அறைக்குப் போன படங்கள்

சின்னவருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. இருந்தாலும் வங்கியில், வீட்டில், கடைத்தெருவில் எங்கே போனாலும் அவர் சின்னவர்தான். பெரியவர் இன்னும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாரே, வேறென்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்? தாத்தா தொடங்கிய வங்கி. அண்ணன் தலைவர், தம்பிக்கு அவருக்குப் பக்கத்து நாற்காலி. ஆஸ்பத்திரிக் கட்டடத்திலிருந்து பூங்கா பெஞ்சு வரை அந்தக் குடும்பத்துப் பெயர்தான். ஈரப் பெயின்ட்டில் உட்கார்ந்து எழுந்தால் முதுகிலும் அது அச்சாகிவிடும் என்று ஊரில் கேலி உண்டு.

சின்னவருக்குக் கலை என்றால் உயிர். ஆனால் மனுஷன் அதையும் வங்கிக்காரனாகவே செய்து தொலைத்தார். நாடகக்காரர்கள் உதவி கேட்டு வந்தால், "கதாநாயகன் பாதியில ஓடிட்டா யாரு பொறுப்பு?" என்று ஜாமீனுக்கு ஆள் கேட்பார். புத்தகம் போட வந்த கவிஞர் ஒருவர் தன் மாமனாரையே ஜாமீனுக்குக் கூட்டி வந்தார். மாமனார் கவிதையைப் படித்துப் பார்த்தார். கையெழுத்துப் போடாமல் எழுந்து போய்விட்டார்.

ஓவியக்காரி விஷயம் இதைவிட மோசம். கடைப் பலகை எழுதிப் பிழைத்தவள் அவள். அவளுடைய படம் ஒன்றைப் பார்த்துச் சொக்கிப்போன சின்னவர், அன்றுமுதல் அவள் வரைந்த எல்லாவற்றையும் தானே வாங்கிக்கொண்டார். வாங்கிய கையோடு காக்கித் தாளில் சுற்றி, அரக்கு வைத்து, வங்கியின் பெட்டக அறையில் கொண்டுபோய் அடுக்கிவிடுவார். மதிப்புள்ள பொருளை வேறெங்கே வைப்பதாம்?

ஒருநாள் அவள் அவருடைய அறைக்கே வந்துவிட்டாள்.

"சார், பொது மண்டபத்துல என் படங்களை வெச்சு ஒரு காட்சி நடத்தப் போறாங்க. எனக்கு இதான் முதல் தடவை. படங்களைக் கொடுங்க, முடிஞ்சதும் பத்திரமா திருப்பிக் கொண்டாந்துடறேன்."

"மண்டபத்துலயா? அங்க கூரை ஒழுகும்மா. தூசி, வெயில், கண்டவன் கை வேற. உள்ள இருந்தா அதுங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாதுதான் சார். பாக்கவே ஆளில்லாத இடத்துல என்ன ஆகும்? நான் படம் வரையறவள்னு சொன்னா என் தெருவுலயே சிரிக்கறாங்க. 'எங்க, ஒண்ணு காட்டு'ங்கறாங்க. எதைக் காட்ட? உங்க இரும்புக் கதவையா?"

"ஏன், நான் ஒருத்தன் பாக்கலையா?"

"கடைசியா எப்ப பாத்தீங்க?"

சின்னவர் மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

"சரி, தர வேணாம். இனிமே உங்களுக்காக ஒரு கோடுகூடப் போட மாட்டேன். மறுபடி பலகை எழுதப் போறேன். அதையாவது நாலு பேரு நின்னு படிக்கறாங்க."

கதவைக்கூடச் சாத்தாமல் போனாள். சின்னவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை காலம் தாங்கியதற்கு இதுதானா மரியாதை? வீட்டில் போய்ப் பொருமினால் மனைவி அதற்கு மேல்.

"அவ கேக்கறதுல என்னங்க தப்பு? எனக்குச் செருப்பு வாங்கிட்டு வந்து பீரோவுல வெச்சுப் பூட்டினா நான் சும்மா இருப்பேனா?"

பெட்டக அறைக்கு இரண்டு சாவி. ஒன்று அண்ணனிடம், ஒன்று தம்பியிடம். இரண்டையும் சேர்த்துத் திருப்பினால்தான் திறக்கும். பூட்டுவதற்கும் அதே கதைதான். மறுநாள் படங்களை வெளியே எடுக்க வேண்டும் என்று சின்னவர் கூப்பிட, அண்ணன் முனகிக்கொண்டே வந்தார்.

"வெளிய போற சாமானைப் பிரிச்சுப் பாத்துட்டுத்தான்டா அனுப்பணும். அப்பா போட்ட சட்டம்."

பிரித்தார்கள். அண்ணன் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கொட்டாவி விட்டார். ஒரு பெரிய படத்தின் முன்னால் மட்டும் திறந்த வாய் மூடவில்லை.

"டேய், இது நம்ம வங்கிடா!"

ஆமாம், வங்கிதான். கூடம் முழுக்க வரிசை. குடையோடும் பையோடும் தூங்கும் குழந்தையோடும் ஆளுயரத்தில் ஜனங்கள். கடைசியில், கண்ணாடிக்குப் பின்னால், கட்டைவிரல் அளவில் தொப்பையோடு ஓர் ஆள். அண்ணனேதான். வாங்கும்போது, 'மஞ்சள் வண்ணம் அருமை' என்று சின்னவர் பாராட்டியிருந்தார். தன் வங்கி என்று தெரியவில்லை. முன்வாசல் வழியாக அவர் உள்ளே வந்து வருஷக்கணக்காகிறது.

"என்னை ஈ மாதிரி போட்டிருக்கா! வரிசையில நிக்கறவனெல்லாம் யானை மாதிரி இருக்கான். மத்ததை அனுப்பு. இது போகாது."

இருப்பதிலேயே நல்ல படம் அதுதான் என்று சின்னவருக்கு அப்போதுதான் உறைத்தது. தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"இது போகலேன்னா நான் என் சாவியைத் திருப்ப மாட்டேண்ணே."

"என்னடா சொல்றே? கதவு?"

"திறந்தே கிடக்கட்டும். நீங்க காவலுக்கு உக்காந்துக்குங்க."

சொல்லிவிட்டு அங்கிருந்த முக்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பிறந்ததிலிருந்து அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாத மனுஷன். காசாளர் எட்டிப் பார்த்தார். காவலாளியும் எட்டிப் பார்த்தான். அண்ணனுக்கு வேர்த்தது.

"பொம்மை வாங்கித் தரலேன்னு தரையில புரள்ற வயசாடா உனக்கு?"

"அந்த வயசுல புரளலண்ணே. அதுக்கும் சேத்து இப்ப."

சாப்பாட்டு வேளை வந்தது, போனது. கடைசியில் அண்ணன் கத்தினார்: "கொண்டுபோய்த் தொலை! தொப்பையையாவது கொஞ்சம் குறைக்கச் சொல்லு அவள."

அவள் குறைக்கவில்லை.

மண்டபத்தில் அந்தப் படத்தின் முன்னால்தான் நெரிசல். "ஏய், இது எங்க மச்சான் குடை!" என்று ஒருவர் கூவினார். "தொடாதீங்க, தள்ளி நில்லுங்க" என்று சின்னவர் தொண்டை கட்டக் கத்தினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஓவியக்காரியைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"ஏம்மா, அண்ணனைப் போட்டிருக்கே. பக்கத்து நாற்காலி என்னோடதாச்சே, நான் எங்க?"

"வரிசையில நின்னுதான் சார் வரைஞ்சேன். அங்கேருந்து பாத்தா நீங்க தெரியல. தூண் மறைச்சுது."

"வாங்கும்போதே இதைச் சொல்லக் கூடாதா?"

"நீங்க எங்க சார் படத்தைப் பத்திக் கேட்டீங்க? தாள் இருக்கா, கயிறு இருக்கான்னுல்ல கேட்டீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: "பெரியவரே, கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க. படம் தெரியல."

சின்னவர் முறைத்தார். பிறகு முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்து கொடுத்தார்.